யாருக்கு வாழ்க்கைப்பட்டாய்?

அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையின் மாதிரியை அச்சகத்துக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். எங்கள் வீட்டில் எழுத்துப்பிழை பார்ப்பது எப்போதும் என் வேலைதான். கல்லூரியில் இலக்கணம் நடத்துகிறவளுக்கு வேறு என்ன வேலை கொடுப்பார்கள்? பெருங்களத்தூர் வீட்டுக் கூடத்தில் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அண்ணன் மகள் என் தோளில் சாய்ந்துகொண்டு கைபேசியைப் பார்த்தாள்.

“அத்தை, நப்ஷியல்ஸ்னா கல்யாணம்தானே? நேரா வெட்டிங்னு போட்டா என்னவாம்?”

“பெரிய வார்த்தையா இருந்தாத்தான் பத்திரிகைக்கு மதிப்பு” என்றேன்.

அம்மா தலை நிமிராமலே சொன்னாள்: “எனக்கெல்லாம் ஒரு மஞ்சப் பத்திரிகைதான். நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தப்ப ஜி.எஸ்.டி. ரோடு ரெண்டு பக்கமும் புளியமரம். சாயங்காலமானா அந்தப் பக்கம் போகவே பயமா இருக்கும்.”

“பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறித்தானே ஆகணும் ஆயா?” என்று அவள் கேலி செய்தாள். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு அந்த இரண்டு சொற்களும் என்னைத் தூங்கவிடவில்லை. பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில் இருந்த நப்ஷியல்ஸ் ஒன்று. அம்மாவின் வாயில் இருந்த வாழ்க்கைப்படுதல் இன்னொன்று. அகராதியை எடுத்துத் தேடிய பிறகுதான் தெரிந்தது, இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றன என்று.

நப்ஷியல்ஸ் என்பதற்கு மூலம் நூபெரே என்ற லத்தீன் வினைச்சொல். மணம் செய்துகொள்வது என்று பொருள். ஆனால் பழைய லத்தீனில் இந்த வினையைச் செய்கிறவள் பெண் மட்டுமே. ஆண் மணம் செய்தால் அதற்கு வேறு வினை. டூகெரே என்பார்கள். அழைத்துச் செல்வது, நடத்திக்கொண்டு போவது என்று அதற்குப் பொருள். அவன் அவளை மனைவியாக அழைத்துச் செல்வான். அவள் அவனுக்கு நூபெரே செய்வாள். ஒரே நாளில், ஒரே வீட்டில், ஒரே சடங்கில் இருவரும் ஈடுபட்டாலும் அவன் செய்வது ஒன்று, அவள் செய்வது வேறொன்று.

அவள் என்ன செய்தாள்? ரோமானியர்கள் இந்தச் சொல்லை மூடுதலோடு சேர்த்துப் பார்த்தார்கள். வானத்தை மூடுகிற மேகத்துக்கு அவர்கள் மொழியில் நூபெஸ் என்று பெயர். மணப்பெண் தலையில் தீயின் நிறத்தில் ஒரு முக்காடு அணிவாள். ஆகவே ஒருவனுக்காகத் தன்னை மூடிக்கொள்வதே பெண்ணின் கல்யாணம் என்று அவர்கள் விளக்கம் சொன்னார்கள். பின்னாளில் வந்த மொழியறிஞர்களில் சிலர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. மணப்பெண்ணைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான நிம்ஃபேயோடும், மணத்தைக் குறிக்கும் பழைய ஸ்லாவிய மொழிச் சொற்களோடும் இதற்கு உறவு உண்டு, முக்காட்டு விளக்கம் பிறகு ஒட்டவைக்கப்பட்டது என்பது அவர்கள் கட்சி. எந்தக் கட்சி ஜெயித்தாலும் ஒன்று மாறாது. அந்த வினைக்குப் பெண்ணே எழுவாய்.

லத்தீன் நமக்கு அவ்வளவு தூரத்து மொழியுமல்ல. வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு எழுதிய இலக்கணம் லத்தீனில் இருந்தது. 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. லத்தீன் தெரிந்தவர்கள் தமிழ் கற்றபோது வேற்றுமைகளை ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்தார்கள். நாமும் இங்கே அதையே செய்து பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வேற்றுமை உருபுகளைக் கொஞ்சம் நினைவுக்குக் கொண்டுவாருங்கள்.

அவன் அவளை அழைத்துச் செல்கிறான் என்ற லத்தீன் வாக்கியத்தில் அவள் இரண்டாம் வேற்றுமையில் இருக்கிறாள். தமிழிலும் அவன் அவளைக் கட்டினான், அவளை மணந்தான், அவளைக் கைப்பிடித்தான் என்றுதான் சொல்கிறோம். ஐ உருபு. செயப்படுபொருள். இந்த இரண்டாம் வேற்றுமை எந்தெந்தப் பொருளில் வரும் என்று நன்னூல் ஒரு பட்டியல் தருகிறது. ஆக்குவது, அழிப்பது, அடைவது, விட்டு நீங்குவது, ஒத்திருப்பது, உடைமையாகக் கொள்வது. ஒரு மனைவியின் வாழ்க்கையில் நடக்கக்கூடிய பெரும்பாலானவை இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடுகின்றன என்று வகுப்பில் ஒருமுறை ஒரு மாணவி சொன்னாள். பவணந்தியார் அதை நினைத்து எழுதவில்லைதான். இருந்தாலும் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது.

லத்தீனில் நூபெரே செய்கிறவள் வாக்கியத்தின் எழுவாயாக இருக்கிறாள். அந்த மட்டில் சரி. ஆனால் அவன் நான்காம் வேற்றுமையில் நிற்கிறான்: அவனுக்கு. தமிழிலும் அப்படியே. அவள் அவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். கு உருபு. நான்காம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் பொருள்களில் முதலாவது கொடை. லத்தீன் இலக்கணக்காரர்களும் இந்த வேற்றுமைக்குக் கொடுத்தல் என்ற வினையிலிருந்தே பெயர் வைத்தார்கள். ஒன்றோடொன்று எந்த உறவும் இல்லாத இரண்டு மொழிகள், இந்த வேற்றுமையைக் கொடுக்கல் வாங்கலின் வேற்றுமையாகப் பார்த்தன. இரண்டுமே கல்யாணமான பெண்ணைப் பற்றிப் பேசும்போது அதையே எடுத்துக்கொண்டன.

வடமொழிக்குப் போனாலும் வித்தியாசம் இல்லை. எங்கள் பத்திரிகையின் தமிழ்ப் பக்கத்தில் சுப விவாகம் என்று போட்டிருந்தது. விவாகம் என்ற சொல்லில் இருப்பது வஹ் என்ற வேர். சுமப்பது, கொண்டுபோவது என்று பொருள். வாகனம் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். பெண்ணைக் கொண்டுபோவது விவாகம். அது டூகெரேக்குத் தங்கை.

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு வரும். சொல்லின் வேரைத் தோண்டி என்ன ஆகப்போகிறது? நப்ஷியல்ஸ் என்று அச்சடிக்கிற யாரும் முக்காட்டை நினைப்பதில்லை. விவாகம் என்கிறவர்கள் யாரும் வண்டியை நினைப்பதில்லை. வாழ்க்கைப்படு என்பதில் படு இருக்கிறது, ஆகவே அது துன்பம் என்று சொன்னால், ஆசைப்படு, பெருமைப்படு என்பவற்றை என்ன செய்வது?

மறுப்பு சரிதான். ஒரு சொல்லின் பிறப்பு அதன் இன்றைய பொருளைத் தீர்மானித்துவிடாது. செத்துப்போன உருவகத்தோடு சண்டை போடுவதில் பயனில்லை. அதனால் நான் வேரைவிட்டுவிட்டு வேறொரு சோதனை வைத்துக்கொள்கிறேன். எழுவாயை மாற்றிப் பாருங்கள். அவள் ஆசைப்பட்டாள், அவன் ஆசைப்பட்டான். இரண்டும் பிழையில்லாத தமிழ். அவள் அவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவன் அவளுக்கு வாழ்க்கைப்பட்டான். இரண்டாவதைச் சொல்லிப் பார்த்தால் சிரிப்பு வருகிறது அல்லவா? அந்தச் சிரிப்பில்தான் சொல்லின் உயிருள்ள பொருள் இருக்கிறது. அதை எந்த அகராதியிலும் தேட வேண்டியதில்லை.

ரோமிலும் இதே சிரிப்பு இருந்தது. முதல் நூற்றாண்டுக் கவிஞர் மார்ஷியல் இதை வைத்து ஒரு நகைச்சுவை செய்திருக்கிறார். பணக்காரியைக் கட்டிக்கொள்ள ஏன் மறுக்கிறாய் என்று கேட்டால், என் மனைவிக்கு நான் நூபெரே செய்ய விரும்பவில்லை என்பது அவருடைய பதிலின் சாரம். ஆணுக்குப் பெண்ணின் வினையைக் கொடுத்தால் அது கேலியாகிறது. நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பும் அதுதான். பிடிக்காத மேலாளரிடம் மாட்டிக்கொண்ட ஆண்கள்கூட, பேய்க்கு வாழ்க்கைப்பட்டாச்சு, என்ன பண்றது என்று அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அடங்கிப்போவதைச் சொல்ல வேண்டும் என்றால் அவர்களுக்கும் மனைவியின் வினைதான் தேவைப்படுகிறது.

சொல்தானே, போகட்டும் என்று விட்டுவிடலாமா? எங்கள் வீட்டில் அது சொல்லோடு நிற்கவில்லை.

அம்மா 1971இல் மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பழைய பெருங்களத்தூருக்கு வந்தாள். வயது பதினெட்டு. பிறந்த வீட்டில் பூர்வீக நிலம் இருந்தது. அம்மாவுக்குப் பிறகு பிறந்த தம்பிகள், கடைசியாக ஒரு தங்கை. 1989இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களுக்குச் சமமான பங்கு என்று கொண்டுவந்தது. நாட்டின் மற்ற பெரும்பாலான பகுதிகளில் இல்லாத உரிமை. பெருமைப்பட வேண்டிய சட்டம். ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருந்தது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணம் ஆகிவிட்ட மகள்களுக்கு அது பொருந்தாது.

சித்திக்கு 1990இல்தான் கல்யாணம் ஆனது. ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள். சித்தி பங்குக்கு உரியவள், அம்மா இல்லை. 1995இல் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானபோது அம்மா சாட்சியாகக்கூடப் போகவில்லை. வருத்தமா என்று பல வருடங்கள் கழித்துக் கேட்டேன். “என்னத்தான் குடுத்துட்டாங்களே” என்றாள். இரண்டே சொல். அந்த நிபந்தனையை எழுதியவர்களின் மனத்தில் இருந்ததும் இதே வாக்கியமாகத்தான் இருக்க வேண்டும். கொடுத்துவிட்ட பொருளுக்கு, கொடுத்த வீட்டில் எப்படிப் பங்கு இருக்கும்?

2005இல் நாடாளுமன்றம் மத்தியச் சட்டத்தைத் திருத்தியது. கல்யாணம் ஆனதா இல்லையா என்ற கேள்வியே இல்லாமல் எல்லா மகள்களுக்கும் உரிமை வந்தது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் முறைப்படி நடந்து முடிந்த பாகப்பிரிவினைகளை அது தொடவில்லை. அம்மாவுக்கு அதுவும் தாமதம்.

மேட்ரிமோனி என்ற சொல்லை இப்போது எல்லோரும் சொல்கிறோம். அதுவும் லத்தீன்தான். தாயைக் குறிக்கும் மாத்தெர் என்ற சொல்லிலிருந்து மாத்ரிமோனியம் வந்தது, அதற்குத் திருமணம் என்று பொருள். தந்தையைக் குறிக்கும் பாத்தெர் என்ற சொல்லிலிருந்து அதே விகுதியோடு பாத்ரிமோனியம் வந்தது, அதற்குப் பரம்பரைச் சொத்து என்று பொருள். தாய்க்குக் கல்யாணம், தந்தைக்குச் சொத்து. 1995இல் மதுராந்தகத்தில் எழுதப்பட்ட பத்திரத்துக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கவுரை என்னிடம் இல்லை.

இனிப் புளியமரத்துக்கு வருவோம். அந்தப் பழமொழி விளையாட்டாகச் சொல்லப்படுவதுதான். ஆனால் அதற்குள் ஓர் அறக்கோட்பாடு இருக்கிறது. வாழ்க்கைப்பட்டவளுக்குக் கடமை உண்டு, கணவன் பேயாக இருந்தாலும் அந்தக் கடமை போகாது என்பது அது. ஒரு கடமை எங்கிருந்து பிறக்கிறது? வாக்குக் கொடுத்தால் கடமை பிறக்கும். சரி, யார் வாக்குக் கொடுத்தது?

அவளை மற்றவர்கள் கொடுத்திருந்தால், வாக்கு அவர்களுடையது. ஒருவர் கொடுத்த வாக்கு இன்னொருவரைக் கட்டுப்படுத்தாது. என் அப்பா வாங்கிய கடனுக்காக என்னை அடகுவைக்க முடியாது என்பது எல்லோருக்கும் புரிகிறது. என் அப்பா கொடுத்த வாக்குக்காக நான் மரம் ஏற வேண்டும் என்பது மட்டும் எப்படி நியாயமாகத் தோன்றுகிறது?

அவளும் சம்மதித்தாளே என்பார்கள். ரோமானியச் சட்டமும் அப்படித்தான் சொன்னது. திருமணத்தை உண்டாக்குவது சேர்ந்து படுப்பதல்ல, சம்மதம்தான் என்று சட்ட அறிஞர் உல்பியன் கருதினார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிச்சயம் செய்யும்போது தந்தையை எதிர்க்காத மகள் சம்மதித்ததாகவே கொள்ளப்படுவாள் என்பதும் அதே அறிஞரின் கருத்துதான். மௌனம் சம்மதம் என்று நம் வீடுகளில் சொல்வதற்கு ஆயிரத்து எண்ணூறு ஆண்டுக்கால முன்மாதிரி இருக்கிறது. அம்மாவிடம் 1971இல் யாராவது கேட்டார்களா என்று கேட்டேன். “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்திருக்காங்க, காப்பி கொண்டுவான்னாங்க. கொண்டுபோய்க் குடுத்தேன். அவ்வளவுதான்” என்றாள். காப்பி டம்ளரை வைத்த சத்தம்தான் அவள் சம்மதம்.

சரி, காதலித்துத் தானே தேடிக்கொண்டவள்? அவள் வாய்திறந்து வாக்குக் கொடுத்தவள்தானே? ஆமாம், அவளுக்குக் கடமை உண்டு. ஆனால் அவள் வாக்குக் கொடுத்தது ஒரு மனிதனோடு சேர்ந்து வாழ்வதற்கு. அவனும் அதே வாக்கைக் கொடுத்திருக்கிறான். கொடுத்த வாக்கின் அளவுதான் கடமையின் அளவு. அடியும் வசையும் அந்த வாக்கில் இல்லை. ஆனாலும் காதலித்தவளிடம், நீயாகத்தானே தேடிக்கிட்ட, அனுபவி என்கிறார்கள். மற்றவளிடம், பெரியவங்க பார்த்துக் குடுத்தது, பொறுத்துப் போ என்கிறார்கள். காரணம் எதுவானாலும் முடிவு ஒன்றாகவே இருக்கிறது என்றால், அந்த முடிவு காரணத்திலிருந்து வரவில்லை. முடிவை முதலிலேயே எடுத்துவிட்டு ஆளுக்கு ஏற்ற காரணத்தைத் தேடுகிறார்கள். பெண்ணுக்கு வாழ்க்கைப்பட்டால் மரத்தைவிட்டு இறங்கித்தான் ஆக வேண்டும் என்று எந்தப் பேய்க்கும் நாம் பழமொழி சொல்லி வைக்கவில்லை.

இந்தப் பகுதியை எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. “உங்கப்பா எட்டு வருஷம் பக்கவாதத்துல படுத்திருந்தாரு. நான்தான் பார்த்தேன். நீ சொல்ற மாதிரி கணக்குப் பார்த்தா செஞ்சேன்? அவருக்குன்னு செஞ்சேன். எவன் சொல்லியும் செய்யல.”

அம்மா சொன்னது என் கட்டுரையைத் திருத்தியது. அவருக்குச் சோறு ஊட்டினேன், அவருக்கு மருந்து கொடுத்தேன் என்னும்போதும் அதே நான்காம் வேற்றுமைதான். ஆனால் அங்கே கொடுக்கிறவள் அவள். கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் அவள் கையில் இருந்தது. கொடுத்தாள். அது அவளுடைய அன்பு, அவளுடைய பெருமை. வாழ்க்கைப்பட்டாள் என்னும்போது கொடுக்கிறவர்கள் வாக்கியத்துக்கு வெளியே மறைந்து நிற்கிறார்கள். கொடுக்கப்படும் பொருள் எழுவாயின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. ஆக, குற்றம் கு உருபில் இல்லை. ஒருவருக்காக வாழ்வதிலும் இழிவு இல்லை. கொடுப்பது யார் என்பதுதான் கேள்வி.

தமிழில் வேறு வாக்கியங்களுக்கு இடம் உண்டு. தொல்காப்பியம் கற்பியலைத் தொடங்கும்போதே கொடுப்பதற்கு உரியவர்கள் கொடுக்க, கொள்வதற்கு உரியவன் கொள்வதே கற்பு என்கிறது. அது தெரிந்த கதை. ஆனால் அதை அடுத்தே, கொடுப்பவர்கள் இல்லாமலும் மணச்சடங்கு உண்டு, இருவரும் சேர்ந்து உடன் போய்விட்டால், என்றும் சொல்கிறது. உடன்போக்கு. அவளைக் கொண்டுபோவதும் இல்லை, அவனுக்குக் கொடுப்பதும் இல்லை. அவனோடு போவது. மூன்றாம் வேற்றுமை, உடனிகழ்ச்சிப் பொருள். சங்க அகப்பாடல்களில் பாலை வழியில் நடந்து போகிற அந்த இருவரையும் பாடத்திட்டத்தில் வைத்து மதிப்பெண் கொடுக்கிறோம்.

வீட்டில் அதே வேற்றுமையை எப்போது பயன்படுத்துகிறோம்? அவனோட ஓடிப்போயிட்டா என்று சொல்லும்போது. பெரியவர்கள் கொடுத்தால் அவனுக்கு, தானே தேர்ந்தெடுத்தால் அவனோடு. சமத்துவமான வேற்றுமையை வசைக்காக ஒதுக்கிவைத்திருக்கிறோம். சில இடங்களில் வசையோடு நிற்பதில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், சாதி கடந்து மணந்துகொண்ட சங்கரும் கௌசல்யாவும் வெட்டப்பட்டார்கள். சங்கர் இறந்தார். கௌசல்யா காயங்களோடு பிழைத்து, சாதிக்கு எதிராக இன்றும் பேசுகிறார். யாராலும் கொடுக்கப்படாமல் ஒரு பெண் ஒருவனோடு வாழ்ந்ததற்கு இந்த மாநிலத்தில் இவ்வளவு விலை.

இதே மாநிலத்தில்தான் இன்னொரு வாக்கியத்தைச் சட்டமாக எழுதவும் செய்தோம். பெரியார் தொடங்கிய சுயமரியாதைத் திருமணங்கள் 1928 முதல் நடந்துவந்தன. அவர் அதற்கு வாழ்க்கைத் துணைநல ஒப்பந்தம் என்று பெயர் வைத்தார். வாழ்க்கைத் துணைநலம் என்பது குறளின் ஆறாம் அதிகாரத்தின் பெயர். அங்கே துணை என்பது மனைவி. பெரியார் அதை எடுத்து இருவருக்கும் பொதுவாக்கி, ஒப்பந்தம் என்ற சொல்லையும் சேர்த்தார். கற்பு என்ற சொல் பெண்ணுக்கு மட்டும் ஏன் என்று கேட்டவருக்குச் சொல்லின் எழுவாய் முக்கியம் என்று தெரியாமல் இருக்குமா? 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் இத்தகைய திருமணங்கள் செல்லாது என்றது. பிறகு அண்ணா முதலமைச்சரானதும் 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது.

அந்தப் பிரிவை வகுப்பில் நான் இலக்கணப் பாடமாகவே நடத்துவதுண்டு. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவரும் தங்களுக்குப் புரிகிற மொழியில், ஒருவர் மற்றவரைக் கணவனாக அல்லது மனைவியாக ஏற்பதாக அறிவித்தால் போதும். அல்லது ஒருவருக்கொருவர் மாலையோ மோதிரமோ அணிவித்தால் போதும். அல்லது தாலி கட்டலாம். ஏற்கிறேன் என்ற வினை அங்கே இருவருக்கும் ஒன்று. அவளும் எழுவாய், அவனும் எழுவாய். அவளும் செயப்படுபொருள், அவனும் செயப்படுபொருள். கொடுப்பவர் என்று ஒருவருக்கு அந்த வாக்கியத்தில் வேலை இல்லை. அம்மாவுக்குக் கல்யாணம் ஆனபோது இந்தச் சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மதுராந்தகம் பக்கத்தில் அதைப் பற்றி அவளிடம் சொல்ல யாரும் இல்லை.

சட்டம் வந்தும் பேச்சு மாறிவிடவில்லை. ஆனால் பேச்சிலும் வழி இருக்கிறது. அவ அவனைக் கட்டிக்கிட்டா, அவன் அவளைக் கட்டிக்கிட்டான் என்று சாதாரணமாகச் சொல்கிறோம். கட்டினான் என்பது ஆணுக்கு மட்டும். கட்டிக்கொண்டாள் என்பது அவளுக்கும் உரியது. கொள் என்ற அந்தத் துணைவினை வந்து சேர்ந்தவுடன் செயல் இருவருக்கும் பொதுவாகிறது. இலக்கணம் எழுதியவர்கள் கவனிக்காததைத் தெருவில் பேசுகிறவர்கள் செய்துவைத்திருக்கிறார்கள்.

பத்திரிகை விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அண்ணன் மகள் தமிழ்ப் பக்கத்தை மாற்றி எழுதினாள். நாங்கள் இருவரும் ஒருவரோடொருவர் வாழ முடிவெடுத்திருக்கிறோம் என்று தொடங்கியது. மாப்பிள்ளை வீட்டில் பெரியவர்கள் பெயரில்தான் அழைப்பு இருக்க வேண்டும் என்றார்கள். இரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, எங்கள் பெற்றோரின் மகிழ்ச்சியோடு என்ற தொடர் சேர்ந்தது. அதிலும் ஓர் ஓடு இருப்பதைப் பார்த்து நான் ஒன்றும் சொல்லவில்லை. விவாகம் போய்விட்டது. ஆங்கிலப் பக்கத்து நப்ஷியல்ஸை அப்படியே விட்டுவிட்டோம். அந்த முக்காட்டை இப்போது யாரும் போட்டுக்கொண்டிருக்கவில்லை.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு, “நான் வாழ்க்கைப்பட்டுத்தான் வந்தேன். அத நான் அப்படித்தான் சொல்லுவேன்” என்றாள். சொல்லட்டும். ஊர்விட்டு ஊர் வந்து, யாரையும் தெரியாத வீட்டில் அடுப்பு மூட்டி, எங்களை வளர்த்து, இந்த ஊர் பேரூராட்சியாக இருந்து தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது வரை பார்த்தவள். தன் வரலாற்றை எந்த வினையில் சொல்வது என்பதை அவள்தான் தீர்மானிக்க வேண்டும். அவளுக்கு அந்தச் சொல் வேண்டாம் என்று நான் கொடுக்கவோ எடுக்கவோ முடியாது.

நான் கேட்பது அடுத்துவருகிறவர்களிடம். இதைப் படிக்கிற மாணவிகள் இன்று வீட்டுக்குப் போய் உங்கள் அம்மா, பாட்டி, அத்தை மூன்று பேரிடம் அவர்கள் கல்யாணத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். எழுதிக்கொள்ளுங்கள். எழுவாய் யார், எந்த வேற்றுமை உருபு, வினை எது என்று பாருங்கள். கொடுத்தவர் யார் என்று வாக்கியத்தில் இல்லை என்றால் கேளுங்கள். அவர்கள் பெயரில் பிறந்த வீட்டு நிலமோ வீடோ இருக்கிறதா என்றும் கேளுங்கள். பிறகு உங்களைப் பற்றி வரப்போகிற வாக்கியத்தை நீங்களே எழுதிப் பாருங்கள்.